நாதஸ்வரத்துக்குப் பதிலாக வந்த சம்பந்தி

பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு பூக்கடைக்கு மேலே, முதல் மாடியில் ஜெரால்டினுக்கு ஓர் அறை இருந்தது. கதவில் 'தொலைபேசி அமைப்பு' என்று மட்டும் எழுதியிருந்ததால், கைத்தொலைபேசிக்குக் கண்ணாடி ஒட்டச் சொல்லித் தினமும் யாராவது படியேறி வந்தார்கள். முதலில் திருப்பி அனுப்பிப் பார்த்தார். பிறகு அலுத்துப்போய் கண்ணாடியும் வாங்கி வைத்துவிட்டார்.

அவருடைய உண்மையான வேலை வேறு. அலுவலகங்களுக்கு வரும் டிஜிட்டல் தொலைபேசி லைனைக் கணினியோடு இணைத்துத் தருவார். சுவரிலிருந்து வரும் ஒற்றைக் கம்பியில் முப்பது பேருடைய பேச்சு ஒன்றாக ஓடி வரும். ஒவ்வொருவர் பேச்சும் மெல்லிய துண்டுகளாக நறுக்கப்பட்டு, மாறி மாறி வரிசையில் வரும். கணினிக்குள் செருகிய கார்டு அதை வாங்கிக்கொள்ளும். எந்தத் துண்டு யாருடையது என்று பிரித்துக் கொடுப்பது டிரைவர் என்கிற நிரல். அது கணினியின் அடித்தளமான கெர்னலுக்குள் போய் உட்கார்ந்தால்தான் மணி அடிக்கும். கெர்னல் மாறினால் டிரைவரையும் புதிதாகக் கட்ட வேண்டும். இல்லாவிட்டால் கார்டு வழியாக எதுவும் கணினிக்கு வந்து சேராது.

கிள்ளானில் இருந்த ஒரு திருமண சேவை மையத்துக்கு நேர்ந்தது அதுதான். கணினி தன்னைத்தானே புதுப்பித்துக்கொண்டது. காலையில் ஒரு தொலைபேசியும் அடிக்கவில்லை. மையத்தை நடத்திய லோகேஸ்வரி கைப்பேசியில் ஜெரால்டினைப் பிடித்தார்.

"மிஸ் ஜெரால்டின், போன் எல்லாம் செத்துப் போச்சு லா. இது முகூர்த்த சீசன். நீங்க வரலன்னா நான் கடைய மூட வேண்டியதுதான்."

ஜெரால்டின் கொம்யூட்டர் என்கிற புறநகர் ரயிலேறிக் கிள்ளானுக்குப் போனார். மையம் கடைவீட்டு மாடியில் இருந்தது. முன்னறையில் இரு வீட்டாரும் கூடிப் பெண் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பின்னறையில், கல்யாணப் படங்களுக்கு நடுவில், கணினி உறுமிக்கொண்டிருந்தது. கார்டின் நிலையைத் திரையில் பார்த்த ஜெரால்டின், பழக்கதோஷத்தில் வாய்விட்டுப் படித்தார்:

"ரெட் அலாரம்."

லைனில் சிக்னல் இல்லை என்பதற்கு அந்தத் தொழிலில் உள்ள பெயர் அது. ஆனால் காபிக் கோப்பையோடு வாசலில் நின்ற வரவேற்பாளர் தாமரைக்கு அது எப்படித் தெரியும்? "ரெட் அலாரமாம், எல்லாரும் இறங்குங்க!" என்று அவர் கத்தினார். மாப்பிள்ளை வீட்டார், பெண் வீட்டார், கீழே இருந்த பல் மருத்துவரின் நாற்காலியிலிருந்து வாயைத் திறந்தபடியே எழுந்த ஒருவர் என்று எல்லாரும் தெருவுக்கு வந்துவிட்டார்கள். ஜெரால்டின் சன்னல் வழியாகத் தலையை நீட்டி, "தீ இல்ல, லைன்தான்!" என்று விளக்க முயன்றார். அவர் மட்டும் மேலே மாட்டிக்கொண்டதாகக் கீழே இருந்தவர்கள் புரிந்துகொண்டார்கள். ஒருவர் ஏணி தேடி ஓடினார்.

ஏணி திரும்பிப் போன பிறகு ஜெரால்டின் வேலையைத் தொடங்கினார். கார்டோ மிகப் பழையது. புதிய கெர்னலுக்கு அதைச் செய்தவர்கள் டிரைவர் எழுதித் தரவில்லை. இணையத்தில் யாரோ முகம் தெரியாத ஒருவர் போட்டிருந்த திருத்தத்தை எடுத்து, அதிலும் பொருந்தாத இடங்களைத் தாமே மாற்றி, கட்டி, கெர்னலுக்குள் ஏற்றினார். கார்டின் சிவப்பு விளக்கு பச்சையானது. உடனே மணி அடித்தது. லோகேஸ்வரி அவருக்கு ஒரு டப்பா நிறைய கேசரி கொடுத்து அனுப்பினார்.

அடுத்த வாரம் தாமரை கூப்பிட்டார்.

"மிஸ், கம்ப்ளெய்ன்னு சொல்ல முடியாது. ஆனா ஒரு மாதிரியா இருக்கு. வெயிட்டிங்ல இருக்கிறவங்கள நான் எடுத்து வணக்கம் சொன்னா, 'கொஞ்சம் இரும்மா, பேசிக்கிட்டு இருக்கோம், டிஸ்டர்ப் பண்ணாத'ன்னு திட்டுறாங்க."

"யாரோட பேசிக்கிட்டு இருக்காங்க?"

"அதான் மிஸ் தெரியல. எங்ககிட்ட இல்ல."

மையத்தில் எல்லா அழைப்பும் பதிவாகும். ஜெரால்டின் மறுபடி கிள்ளானுக்குப் போய், ஹெட்போனைக் காதில் மாட்டிக்கொண்டு கேட்டார். காத்திருப்பவர்களுக்கு நாதஸ்வரம் ஒலிக்க வேண்டும். அவர் கட்டிய டிரைவர் துண்டுகளை இடம் மாற்றி வைத்து, காத்திருக்கும் ஒருவரை இன்னொருவரோடு கோத்துவிட்டிருந்தது. முதலில் மாட்டியவர் பழனியப்பன். மகனுக்குப் பெண் தேடிய லோரி ஓட்டுநர். மறுமுனையில் மகளுக்கு மாப்பிள்ளை தேடிய இராஜம்மா.

"ஹலோ, எவ்வளவு நேரந்தான் நிக்க வைப்பீங்க?" என்றார் பழனியப்பன்.

"அதையேதான் நானும் கேக்கிறேன்" என்றார் இராஜம்மா.

"நீங்க கேக்கக் கூடாதும்மா. நான்தான் கேக்கணும். நீங்க பதில் சொல்லணும்."

"நான் எதுக்குச் சொல்லணும்? ஆபீஸ் உங்களோடது."

"என்னோடதா? நான் சாலாக் செலாத்தான்லேர்ந்து பேசுறேன்."

"நான் ஸ்ரீ கெம்பாங்கான். அப்ப ஆபீஸ்ல யாருதான் இருக்கா?"

இந்தக் கேள்விக்கு இருவருக்கும் விடை தெரியவில்லை. ஆகவே சேர்ந்து மையத்தைத் திட்டினார்கள். திட்டி முடித்தபோது நன்றாகப் பழகிவிட்டிருந்தார்கள். இனிப்புநீர் நோய் பற்றிப் பேசினார்கள். மழைக்கு அடைத்துக்கொள்ளும் சாக்கடை பற்றிப் பேசினார்கள். பழனியப்பன் தம் மகன் காலையில் எழுந்திருக்க மாட்டான் என்பதையும், இராஜம்மா தம் மகள் சமைக்க மாட்டாள் என்பதையும் ஒளிக்காமல் சொன்னார்கள். மையத்தின் விவரப் படிவத்தில் அந்த மகன் 'சுறுசுறுப்பானவர்', அந்த மகள் 'குடும்பப் பாங்கானவர்'.

ஜெரால்டினுக்கு வெட்கமாகிவிட்டது. தவறான டிரைவரை அழித்து, துண்டுகளைச் சரியாக வரிசைப்படுத்தி, புதிதாக ஒன்று கட்டி ஏற்றினார். நாதஸ்வரம் திரும்பி வந்தது. மன்னிப்பும் கேட்டுவிட்டு வீட்டுக்குப் போனார்.

ஆனால் லோகேஸ்வரி இப்போது கோபமாகக் கூப்பிட்டார்.

"என்ன மிஸ் பண்ணி வச்சிட்டுப் போனீங்க? எல்லாரும் கோச்சிக்கிறாங்க. போன தடவ மாதிரி ஒரு குடும்பத்தக் கொடுங்கன்னு கேக்கிறாங்க. நாதஸ்வரம் வேணாமாம்."

"மேடம், அது கோளாறு. இப்பதான் சரியா இருக்கு."

"எனக்குச் சரி வேணாம் லா. அந்தக் கோளாறுதான் வேணும். திரும்பப் போட்டுக் கொடுங்க."

இத்தனை வருடத்தில் ஜெரால்டினிடம் யாரும் கோளாறைத் திரும்பக் கேட்டதில்லை. வேலை தெரிந்தவர் என்ற கௌரவத்துக்கு அது இழுக்காகப் பட்டது. ஆனாலும், ஒரு தவறைக்கூட மறுபடி செய்யத் தெரியாதா என்ற ரோசமும் இருந்தது. அறையில் உட்கார்ந்து, எங்கெங்கே தப்பாகத் திருத்தினோம் என்று நினைவுபடுத்தித் தப்பாகத் திருத்தினார். ஒரு தப்பு விட்டுப்போனால் டிரைவர் ஒழுங்காக வேலை செய்து தொலைத்தது. ஒரு தப்பு கூடினால் கணினி அப்படியே உறைந்தது. அன்று பார்த்து கண்ணாடி ஒட்ட வந்தவர்கள் வரிசையில் நின்றார்கள். கடைசியில் ஏறக்குறைய பழையதைப் போலவே ஒன்று அமைந்தது. அதைக் கிள்ளானில் கொண்டுபோய் ஏற்றிவிட்டு, சரிபார்க்க மனமில்லாமல் திரும்பினார். கோளாறைச் சரிபார்ப்பது எப்படி என்பதும் அவருக்குத் தெரியவில்லை.

அதில்தான் கமலநாதன் மாட்டினார். துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், ஒரே மகனுக்குப் பெண் தேடியவர். அவர் மையத்துக்கு நேரிலேயே வந்து, லோகேஸ்வரியின் முன்னால் அமர்ந்து, நேற்று லைனில் பேசிய குடும்பத்தைத் தவிர வேறு குடும்பம் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

"அப்படி ஒரு மனுஷரப் பாத்ததில்லம்மா. எங்க கருத்து எல்லாம் ஒண்ணாவே இருக்கு. குடும்பம்னா மரியாதை வேணும்ன்னேன். அவரும் அதையே சொன்னாரு. காசு முக்கியமில்லன்னேன். அதையும் சொன்னாரு. ஆடம்பரம் வேணாம், பத்துமலைக் கோயில்ல தாலி கட்டிட்டுச் சிம்பிளா சாப்பாடு போட்டா போதும்ன்னேன். அப்படியே சொன்னாரு!"

தாமரை பதிவைப் போட்டுக் கேட்டுவிட்டு, ஜெரால்டினைக் கூப்பிட்டு, "மிஸ், அவரு அவரோடயே பேசியிருக்காரு" என்று கிசுகிசுத்தார்.

புதிய கோளாறு ஒருவரை மற்றொருவரோடு கோக்கவில்லை. அவர் பேசியதையே கொஞ்சம் பிந்தி, சற்றுக் கனத்த குரலில் அவருக்கே திருப்பித் தந்திருந்தது. பேச்சு முழுவதிலும் கமலநாதன் ஒரு கேள்விகூடக் கேட்காததால் அவருக்குச் சந்தேகம் வரவில்லை.

"நீங்க கட்டுனதுதானே, நீங்களே வந்து சொல்லுங்க" என்று லோகேஸ்வரி கைவிரித்துவிட்டார்.

ரயிலில் வரும்போது ஜெரால்டின் சொல்ல வேண்டியதை மனத்துக்குள் ஒத்திகை பார்த்தார். மனம் புண்படாமல் ஒருவரிடம் 'அது நீங்கள்தான்' என்று எப்படிச் சொல்வது? கிள்ளான் வந்தும் வாக்கியம் அமையவில்லை. மையத்தில் கமலநாதன் சட்டையை இஸ்திரி போட்டு அணிந்து, பழத்தட்டோடு காத்திருந்தார்.

"அங்கிள், அது லைன்ல ஒரு எதிரொலி…" என்று ஆரம்பித்தார்.

"எதிரொலியா? நல்லா தெளிவா கேட்டுச்சேம்மா."

வேறு வழியில்லாமல் ஜெரால்டின் கணினியில் அந்த இணைப்பைத் திறந்து, ரிசீவரை அவர் கையில் கொடுத்தார். "நீங்களே பேசிப் பாருங்க." எல்லாருக்கும் கேட்கும்படி ஒலிபெருக்கியையும் போட்டார்.

"வணக்கம் ஐயா" என்றார் கமலநாதன்.

"வணக்கம் ஐயா" என்றது லைன்.

கமலநாதன் பெருமையாக எல்லாரையும் பார்த்தார். "பாத்தீங்களா? என்ன ஒரு பணிவு!"

"என்ன ஒரு பணிவு!" என்றது லைன். அவர் கூச்சப்பட்டார்.

"அங்கிள், ஏதாச்சும் கோவமா பேசுங்களேன். அப்ப உங்களுக்கே புரியும்" என்று ஜெரால்டின் கெஞ்சினார்.

கமலநாதன் ரிசீவரின் வாயைப் பொத்திக்கொண்டார். "சேச்சே, அது தப்பும்மா. அவரு மனசு கஷ்டப்படும்."

தாமரை கல்யாணப் படங்களின் பக்கம் திரும்பி நின்றுகொண்டார். அவர் தோள்கள் குலுங்கின. லோகேஸ்வரி எழுந்து வந்து, "ஐயா, ஒரே ஒரு கேள்வி கேளுங்க. அவங்க பொண்ணோட பேரு என்னன்னு கேளுங்க" என்றார்.

"அதுவும் சரிதான்." கமலநாதன் தொண்டையைச் செருமினார். "உங்க பொண்ணோட பேரு என்னங்க?"

"உங்க பொண்ணோட பேரு என்னங்க?" என்று திரும்பி வந்தது.

கமலநாதன் குழம்பினார். "எனக்குப் பொண்ணு இல்லீங்களே. ஒரே பையன்."

"எனக்குப் பொண்ணு இல்லீங்களே. ஒரே பையன்."

கமலநாதன் ரிசீவரைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு மெதுவாக அதை வைத்துவிட்டு, லோகேஸ்வரியிடம் திரும்பினார்.

"அவங்களுக்கும் பையன்தானாம். சரிவராது. வேற இடம் பாருங்க." பழத்தட்டை மேசைமேல் நகர்த்தி வைத்தார். "இருந்தாலும் நல்ல மனுஷன். அவரு பையனுக்கும் ஒரு நல்ல இடமா பாத்துக் குடுங்கம்மா."

பார்ப்பதாக லோகேஸ்வரி வாக்குக் கொடுத்தார்.

கமலநாதன் படியிறங்கிய பிறகு ஜெரால்டின் யாரையும் கேட்காமல் சரியான டிரைவரை ஏற்றினார். கணினி தானாகப் புதுப்பித்துக்கொள்வதையும் நிறுத்தினார். இனி கோளாறு கேட்க மாட்டேன் என்பதுபோல லோகேஸ்வரி ஒரு சீப்பு வாழைப்பழத்தை எடுத்து நீட்டினார்.

பழனியப்பனின் மகனுக்கும் இராஜம்மாவின் மகளுக்கும் கல்யாணம் நடக்கவில்லை. இருவரும் ஒரு கடையில் சந்தித்து, தே தாரே என்கிற ஆற்றிய தேநீர் குடித்து, வேண்டாம் என்று ஒரே குரலில் சொல்லிவிட்டார்கள். அவர்கள் ஒத்துப்போன விஷயம் அது ஒன்றுதான். ஆனால் பெற்றோர்கள் கேட்கவில்லை. பழகியது பழகியதுதான் என்று, கல்யாணமே இல்லாமல் ஒருவரையொருவர் சம்பந்தி என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். விசேஷங்களுக்குச் சீர்த்தட்டும் போய் வந்தது. தங்களைக் கோத்துவைத்த ஜெரால்டினின் முகவரியையும் தாமரையிடம் வாங்கி வைத்துக்கொண்டார்கள்.

அந்தத் தீபாவளிக்கு ஜெரால்டினின் வீட்டுக்கு ஒரு பெரிய டின் ஓமப்பொடி வந்தது. மேலே 'சம்பந்தி வீட்டார்' என்று ஒட்டியிருந்தது. அவருடைய கணவர் கென்னத் அதை இரண்டு தடவை படித்தார்.

"நமக்கு யாரு சம்பந்தி? நம்ம பொண்ணு பதினாலு வயசுல ஃபார்ம் டூதானே படிக்கிறா?"

ஜெரால்டின் டின்னைத் திறந்து, ஒரு பிடி எடுத்து வாயில் போட்டுக்கொண்டார். கார்டிலிருந்து தொடங்குவதா, கெர்னலிலிருந்து தொடங்குவதா என்று யோசித்தார்.

"சாப்பிடுங்க" என்றார். "மொறுமொறுன்னு இருக்கு."