கழற்றிக் கொடுக்கும் வேலை

அம்பத்தூரில் நான் பராமரிப்புப் பிரிவில் வேலை பார்த்த கம்பெனியை எண்பதுகளின் கடைசியில் பூட்டினார்கள். அதற்குப் பிறகு யாரிடமும் நான் நிரந்தரமாகச் சேரவில்லை. கொஞ்சம் கரண்ட், கொஞ்சம் வெல்டிங், கொஞ்சம் கட்டட வேலை என்று எல்லாம் தெரியும். ஒரு வேலைக்கு வேண்டிய ஆட்களைத் திரட்டி, யாருக்குப் பின் யார் என்று பார்த்து, முடித்துக் கொடுப்பதே என் பிழைப்பாயிற்று. பையன் என்ன பண்றான் என்று பெண் வீட்டார் கேட்டபோது அப்பாவால் பதில் சொல்ல முடியவில்லை. அந்தச் சம்பந்தம் அதோடு போயிற்று.

சில வருஷம் கழித்து, பழைய மெஷின்களை வாங்கி விற்கும் வானகரத்துக்காரர் ஒருவர் கூப்பிட்டனுப்பினார். பூட்டிக் கிடந்த எங்கள் கம்பெனியின் மெஷின்களை அவர்தான் வாங்கியிருந்தார். எல்லாவற்றையும் கழற்றி லாரியில் ஏற்ற வேண்டும். பாரம் தூக்கும் கலாசிகள், கிரேன்காரர்கள், எலக்ட்ரீஷியன்கள் எல்லோரையும் சேர்த்து வேலை வாங்க ஓர் ஆள் தேவை. உள்ளே இருக்கும் ஒவ்வொரு போல்ட்டும் எனக்குப் பழக்கம் என்பதால் தேடிக் கூப்பிட்டிருக்கிறார் என்று நினைத்துச் சந்தோஷப்பட்டேன்.

கேட்டுக்கு வெளியே தொழிலாளர்கள் போராட்டத்துக்குப் போட்ட பந்தல் இன்னும் நின்றது. முன்பு கூட்டம் நெரிந்த இடத்தில் நாலைந்து பேர்தான். அதில் ஒருவர் ஆவடிக்காரர், லேத் ஓட்டியவர், சர்ச் கொயரில் பாடுகிறவர். என்னைவிட மூத்தவர். கிரேனைப் பார்த்ததும் எழுந்து வந்தார்.

"நீயா, நைனா?"

"ஆமாண்ணே."

"வேற எவனாச்சும் வந்திருந்தா கல்லாலயே அட்ச்சிருப்போம். உன்ன இன்னா பண்றது?"

வானகரத்துக்காரர் எதற்காக என்னைப் பிடித்தார் என்பது எனக்கு அப்போதுதான் விளங்கியது.

"நான் திரும்பிப் போய்டட்டுமாண்ணே?"

"நீ போனா இன்னொருத்தன் போலீஸ இட்டுகினு வருவான். உள்ள போ."

கேட்டுக்குக் குறுக்கே கிடந்த பெஞ்சை அவரே இழுத்து ஓரம் போட்டார்.

அவர் ஓட்டிய லேத்தைத் தூக்கப் போகும்போது உள்ளே வந்தார். சங்கிலி மாட்டி வைத்திருந்தார்கள். தோளில் கிடந்த துண்டால் மெஷினைத் துடைக்க ஆரம்பித்தார். தூசி அப்பியிருந்தது, துடைக்கத் துடைக்க வந்துகொண்டே இருந்தது. கலாசிகளின் மேஸ்திரி என்னைப் பார்த்து முறைத்தான். இருக்கட்டும் என்று கையைக் காட்டினேன். அவராகப் போதும் என்று நகர்ந்த பிறகுதான் தூக்கினோம்.

கடைசி லாரி போனதும் அவர் கேட்டார்: "உன்கூட ஆள் வேணுமா நைனா? ஊட்ல சும்மாதான் கீறேன்."

சேர்த்துக்கொண்டேன். பந்தலில் இருந்த மற்றவர்கள் அதன்பின் எங்கள் இருவரிடமும் பேசவில்லை.

அந்த வருஷங்களில் எனக்கு வந்ததெல்லாம் பெரும்பாலும் இதே மாதிரி வேலைதான். பூட்டின கம்பெனி ஒவ்வொன்றாகத் திறந்து காலி செய்தோம். அவர் வேலை சுத்தமாக இருக்கும், ஆனால் பேச்சு குறைந்துகொண்டே வந்தது. ஞாயிற்றுக்கிழமை பாடப் போவதையும் விட்டுவிட்டார் என்று அவர் மனைவி சொல்லி வருத்தப்பட்டார்.

பூந்தமல்லியில் ஒரு ஷெட்டைக் கழற்றிக்கொண்டிருந்தபோது ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"என்னால முடில நைனா. ஏதாச்சும் புச்சா கட்ற வேலை வந்தா கூப்புடு, ஓடியாறேன்."

கரையான்சாவடியில் ஒரு குடோனுக்கு வாட்ச்மேனாகப் போய்ச் சேர்ந்தார். பஸ்ஸில் கடக்கும்போது சில நாள் கண்ணில் படுவார், கையை உயர்த்துவார். அவர் உயிரோடு இருந்தவரை கூப்பிடுகிற மாதிரி ஒரு வேலை எனக்கு வரவே இல்லை.