ஆற்றுக்கு அப்பால் கிடந்த வயல்

பல்கலைக்கழகத்தில் மூன்றாம் ஆண்டு படிக்கும்போது, வேல்ஸ் எல்லையோரத்துச் சிறிய பங்கு ஒன்றைப் பற்றி எழுதிக்கொண்டிருந்தேன். பங்கு என்றால் ஒரு தேவாலயம், அதைச் சுற்றிச் சில பண்ணைகள், அவ்வளவுதான். நான் அங்கே போனதே இல்லை. சிட்னி நூலகத்தின் கீழ்த்தளத்தில் வேறு எதையோ தேடி ஒரு இழுப்பறையைத் திறந்தபோது அதன் பழைய வரைபடம் அகப்பட்டது. ஒவ்வொரு வயலுக்கும் ஒரு பெயர் எழுதியிருந்தார்கள். அதற்குப் பிறகு வேறு தலைப்பு எனக்கு எப்படி ஏறும்?

இந்தக் கட்டுரையைப் பார்த்துத்தான் விரிவுரையாளர் என்னை நான்காம் ஆண்டு ஆய்வுக்கு எடுப்பாரா இல்லையா என்று தெரியும். எடுக்காவிட்டால் கம்ப்யூட்டர் படிப்பு. சிட்னியின் நார்த்மீட்டில் எங்கள் வீட்டில் அப்பா விண்ணப்பத்தை நிரப்பியே வைத்திருந்தார்.

வேல்ஸில் இருந்த அந்தப் பங்குக்கும் அடுத்த நாடான இங்கிலாந்துக்கும் நடுவே எல்லை ஆறுதான். எல்லைக்கோடு ஆற்றோடு ஒழுங்காகப் போகிறது. ஓரிடத்தில் மட்டும் ஆற்றைத் தாண்டி இங்கிலாந்துக் கரையில் ஏறி, ஒரேயொரு வயலை வளைத்துக்கொண்டு திரும்பி வருகிறது. அங்கே ஒரு வழக்கமும் இருந்தது. வருடத்துக்கு ஒருமுறை ஊரே குருவானவரோடு எல்லை முழுவதும் நடந்து, எல்லைக் கற்களைத் தடியால் தட்டிவிட்டு வரும். இந்த இடம் வந்ததும் முழங்கால் தண்ணீரில் இறங்கி அக்கரைக்குப் போய், வயலைச் சுற்றிவிட்டு மீண்டும் நனைந்துகொண்டு வருவார்களாம். எனக்கு உடனே விளங்கிவிட்டது. காணிக் களவு! களவெடுத்ததும் போதாமல் வருடாவருடம் போய்க் காட்டிவிட்டு வேறு வருகிறார்கள். இருபது பக்கம் எழுதினேன். விஷயத்தைக் கேட்டு விரிவுரையாளரும் ஆவலாக இருந்தார்.

திங்கட்கிழமை கொடுக்க வேண்டும். ஞாயிறு மத்தியானம், லிட்கமில் நான் வாடகைக்கு இருந்த வீட்டில், மேசையில் வரைபடத்தை விரித்து வைத்திருந்தேன். கூட இருந்தவன் திருச்சிக்காரன், பொறியியல் படிக்க வந்தவன். அடுப்பில் சாம்பார் கொதித்துக்கொண்டிருந்தது.

"என்ன மாப்ள, அந்த வெள்ளக்காரன் வயல இன்னுமா விடல?"

"களவடாப்பா இது! வேலி அடைக்கேக்க கதியால் தடியை ஒரு சாண் தள்ளி நடுற அதே வேலை. என்ர பெரியப்பா வருசாவருசம் செய்தவர்."

"அதான் கரெக்டா கண்டுபிடிச்சிட்ட. பரம்பரைத் தொழிலு."

கையைத் துடைத்துக்கொண்டு வரைபடத்தின் மேல் குனிந்தான். "இது என்ன, புல்லு புல்லா வரைஞ்சிருக்கு?"

"ஈர நிலம். சதுப்பு."

"உன் எல்லைக்கோடு அந்த ஈரத்தோடயே வளைஞ்சு போவுதே. ஆறு முன்னாடி இங்கதான்டா ஓடியிருக்கு."

"ஆறு எப்பிடியடா இடம் மாறும்?"

நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தான். "ஏன்டா, உங்க ஊர்ல ஆறே கெடையாதா?"

"யாழ்ப்பாணத்தில ஏதடா ஆறு? கிணறுதான்."

கதிரையில் உட்கார்ந்துகொண்டு சிரித்தான். "எங்க மாமா தோப்புல பாதிய கொள்ளிடம் தின்னுட்டு எதிர்க்கரையில கொண்டுபோய்ப் போட்டுச்சு. பத்திரம் மட்டும் மாமா கையில. மனுசன் பரிசல்ல போய் நிலக்கடல வெதச்சுட்டு வந்தாரு."

ஆறு வளைவதையும் திசை மாறுவதையும் முதலாம் ஆண்டிலேயே படம் வரைந்து, நல்ல மதிப்பெண்ணும் வாங்கியவன் நான். ஆனால் யாழ்ப்பாணத்தானுக்கு எல்லை வளைந்திருந்தால் முதலில் ஞாபகம் வருவது பக்கத்து வீட்டுக்காரன்தான்.

ஒருவரும் ஒன்றையும் களவெடுக்கவில்லை. ஆறு மேற்கே, வேல்ஸ் பக்கமாக நகர்ந்துவிட்டது. கோடு இருந்த இடத்திலேயே இருந்தது. அந்த மக்கள் நனைந்தது திமிரால் அல்ல; பழைய ஆறு ஓடிய தடத்தை மறந்துவிடக் கூடாது என்பதற்காக.

இருபதில் பதினாலு பக்கம் போயிற்று. பேசாமல் களவையே கொடுத்துவிடலாமா என்றும் சற்று நேரம் யோசித்தேன், பொய் சொல்வானேன். பிறகு புதிதாக இரண்டு பக்கம் எழுதி, எட்டுப் பக்கத்தோடு திங்கள் காலை ரயில் ஏறினேன்.

விரிவுரையாளர் நின்றபடியே வாசித்தார்.

"நீ சொன்ன திருட்டு எங்கே?"

"நடக்கவில்லை, சார்."

"பாதிகூட இல்லையே."

"ஓம்" என்று எங்கள் ஊர் 'ஆமாம்' தமிழிலேயே வாயில் வந்துவிட்டது.

கடைசிப் பக்கத்தைத் திரும்பவும் பார்த்தார். "அந்த வயலில் வேலை செய்தவர்கள் ஞாயிற்றுக்கிழமை எந்தக் கரைத் தேவாலயத்துக்குப் போனார்கள்?"

எனக்குத் தெரியாது. அப்படியொரு கேள்வி தோன்றவே இல்லை. தெரியாது என்றேன்.

"கண்டுபிடிக்க ஒரு வருடம் போதுமா?" என்று கேட்டுக்கொண்டே நான்காம் ஆண்டுப் படிவத்தை இழுத்துக் கையெழுத்துப் போட்டார்.

ஒரு வருடம் காணாது என்று தெரிந்துகொண்டே, போதும் என்றேன்.