எல்லாரும் பார்த்த படகு

ஆயர் ஈத்தாம் கடைத்தெருவில் மகளுக்கு மெழுகு வண்ணக்குச்சி வாங்கப் போனேன். பெட்டியைத் திறந்ததும் அடித்த வாடையில், அதை அப்படியே மூடி வைத்துவிட்டுக் கடையை விட்டு வெளியே வந்துவிட்டேன். சிரிக்காதீர்கள். நான் கடல் கண்காணிப்பில் சீருடை போட்டிருந்த காலத்தில் எங்கள் கட்டுப்பாட்டு அறை முழுக்க இந்த வாடைதான்.

சுவரில் கண்ணாடிப் பலகை, அதில் கடல் வரைபடம். ரேடாரில் படகு தெரிந்தால் மெழுகுக் குச்சியால் குறிப்போம். குறித்தவன் கத்திச் சொல்லவேண்டும், கேட்டவன் திருப்பிக் கத்தவேண்டும். பார்க்க வந்தவர்கள் மீன் சந்தை இரைச்சல், மீன் பாசார் என்று கேலி செய்வார்கள். எங்கள் அறைக்குப் பொறுப்பான சார்ஜன் காதர் அதோடும் விடமாட்டார். "உனக்குத் தெரிஞ்சது கெடக்கட்டும். பக்கத்துல உள்ளவனுக்கு என்ன தெரியும், சொல்லு" என்பார். பக்கத்தில் உள்ளவனிடம் கேட்க ஓடுவதில் நான்தான் முதல் ஆள்.

பிறகு கணினிகள் வந்தன. எல்லார் முன்னாலும் ஒரே படம், ஒரே புள்ளிகள். காதர் ஓய்வுபெற்றுப் போனார், கத்தலும் நின்றது. மேலிடத்துக்கு அந்த அமைதி ரொம்பப் பிடித்திருந்தது. என்னைப் படகு வேலைக்கு மாற்றினார்கள்.

ஒரு பீரங்கிப் பயிற்சி நாள். நானும் கூட வேலை பார்த்த சுங்கை பாக்காப் ஊர்க்கார மணியும், கப்பல் சுட்டுப் பழகுவதற்கான மிதவை இலக்கைக் கடலில் விட்டுவிட்டுத் திரும்பினோம். பாதியிலேயே இஞ்சின் படுத்துவிட்டது, கூடவே ரேடியோவும். சுடவேண்டிய கப்பல் தூரத்தில் நிழலாகத் தெரிந்தது. கடல் காலி என்று கட்டுப்பாட்டு அறை சொன்ன பிறகுதான் அது சுடும்.

"நம்ம இங்க இருக்கிறது அவங்களுக்குத் தெரியுமா, அண்ணே?" என்றான் மணி.

"அத்தன பேர் ஸ்கிரீன்லயும் நாமதான் லா."

சொல்லிவிட்டேனே தவிர, நானே செத்த ரேடியோவைத் தட்டித் தட்டிப் பார்த்தேன். காற்று நின்றுபோயிருந்தது. மணி சட்டையைக் கழற்றிக் கப்பலைப் பார்த்து வீசிக்கொண்டே இருந்தான்.

முதல் குண்டு தள்ளி விழுந்தது. இரண்டாவது, மணி நின்ற பக்கத்தில். படகு சாய்ந்து தண்ணீர் ஏறிய பிறகுதான் பீரங்கிச் சத்தம் ஓய்ந்தது.

விசாரணையில் அறையில் இருந்த ஒவ்வொருவனும் ஒரே பதில்தான் சொன்னான்: "பார்த்தேன். வேற யாராச்சும் கப்பலுக்குச் சொல்லியிருப்பாங்கன்னு நெனச்சேன்." ஒருவனும் பொய் சொல்லவில்லை. அதுதான் இன்னமும் என் வயிற்றெரிச்சல்.

மணி உயிரோடு இருக்கிறான், இப்போது பத்து காவான் என்கிற ஊரில். அந்தக் குண்டுக்கு முன்பெல்லாம் அவன் வீட்டு வாசலில் நின்று பேரைச் சொன்னாலே "வரேன் அண்ணே" என்று உள்ளேயிருந்து குரல் வரும். போன வாரம் அவன் முதுகுக்குப் பின்னாலேயே நின்று கூப்பிட்டேன். அவன் திரும்பாமல், சத்தமே வைக்காத டிவியைப் பார்த்துக்கொண்டிருந்தான்.