அக்காவின் மேசைக்கு என்ன நிறம்

அந்த டிராயர் எப்போதும் ஒரு சாண் திறந்தே கிடக்கும். மட்டாஞ்சேரியில் அக்கா வீட்டுக்கு எப்போது போனாலும், முன்னறை ஜன்னலோரம் நிற்கும் கறுத்த மேசையும், அதன் வயிற்றிலிருந்து வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் சாயம் படாத பலகையும்தான் முதலில் கண்ணில் படும். புதிதாக வருகிறவர்கள் மரியாதைக்கு அதை மூடப் போவார்கள். "இருக்கட்டும், அது அப்படியே கெடக்கட்டும்" என்பாள் அக்கா, திருத்திக்கொண்டிருக்கும் நோட்டிலிருந்து தலையைத் தூக்காமல். அக்காவின் கணவர், என் அத்திம்பேர், ஜன்னலை மூடப் போகும்போதெல்லாம் அதில் முழங்காலை இடித்துக்கொள்வார். ஒவ்வொரு தடவையும் அன்றுதான் முதன்முதலாக இடித்துக்கொண்டவர் போலக் கத்துவார்.

இதை எழுத உட்காரும்போதே எனக்கு எரிச்சல் மூளுகிறது. நாலு கால், ஒரு பலகை, ஒரு டிராயர். ஒரு பெண் வீட்டாரிடம் ஒன்றே ஒன்று கேட்டாள்: மரத்துக்கு நிறம் பூசாதீர்கள் என்று. ஏதாவது செய்யுங்கள் என்று கேட்கவில்லை. செய்யாமல் இருங்கள் என்றுதான் கேட்டாள். அதைவிடச் சுலபமாக ஒரு மனுஷி என்ன கேட்டுவிட முடியும்?

அக்கா பெண்கள் பள்ளிக்கூடத்தில் டீச்சர். ஐம்பதுகளில் எங்கள் மாதிரி வீடுகளில் மேசை என்று ஒன்று கிடையாது. சாப்பாடு தரையில், படிப்பு பாயில். அக்கா பரீட்சைத் தாள்களை அரிசிப் பெட்டியின் மூடிமேல் வைத்துத் திருத்துவாள். உலை கொதிக்கும் நேரத்துக்கு யாராவது படியோடு வந்து நிற்பார்கள். அவள் தாள்களை அள்ளி மார்போடு அணைத்துக்கொண்டு எழுந்து நிற்பாள். அரிசி அளந்து முடிந்ததும் மறுபடி உட்காருவாள். மறுபடி விட்ட இடத்தைத் தேடுவாள். நான் அப்போது மிளகு ஏற்றுமதி ஆபீஸ் ஒன்றில் வேலை பார்த்துக்கொண்டு அவர்கள் வீட்டிலேயே தங்கியிருந்தேன். அந்த எழுந்து நிற்றலைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குள் ஏதோ ஒன்று பல்லைக் கடிக்கும். டீச்சர் வேலை நிரந்தரமானதும் அக்கா சொன்னாள்: "எனக்குன்னு ஒரு மேசை வேணும். யாருக்கும் எழுந்து நிக்காத மேசை."

ஒரு ஞாயிற்றுக்கிழமை மூவருமாகக் கொச்சங்காடிப் பக்கம் மரக்கடைக்குப் போனோம். கிட்டங்கிகளிலிருந்து சுக்கு வாசனை தெருவெல்லாம் படர்ந்திருந்தது. கடைக்குள் நுழைந்ததும் அதை அறுத்துக்கொண்டு பச்சை மரத்தின் புளிப்பு. அத்திம்பேர் நேராக ஈட்டி மரப் பலகைகளிடம் போனார். காரணம் எனக்குத் தெரியும். துறைமுகத் தீவில் அவர் வேலை பார்த்த தேயிலைக் கம்பெனியில் வெள்ளைக்காரத் துரையின் மேசை ஈட்டி. இருட்டையே இழைத்துச் செய்தது போல இருக்கும் என்பார். அதன் எதிரே வருஷக்கணக்காக நின்றுகொண்டு பேசியவர் அவர். துரை கப்பலேறிப் போன பிறகும் அந்த மேசைக்குப் பின்னால் வேறு யாரோ வந்து உட்கார்ந்தார்கள். அத்திம்பேர் அதே இடத்தில் நின்றார்.

அக்கா பலாப் பலகைகளிடம் போய் நின்றாள். கடைக்காரர் ஒரு கிளாஸ் தண்ணீர் கொடுத்தார். பாலிஷ் போட்டால் மரம் எப்படித் தெரியும் என்று பார்க்க, நனைத்துப் பார்ப்பதுதான் வழக்கம். அக்கா புடவைத் தலைப்பை நனைத்துப் பலகையின் குறுக்கே ஒரு இழுப்பு இழுத்தாள். தூசிக்கு அடியிலிருந்து சுளையின் மஞ்சள் பளிச்சென்று எழுந்தது. ஓடும் நீர் போல ரேகைகள்.

"இது போறும்" என்றாள்.

"பிலாவா?" அத்திம்பேர் முகம் சுளித்தார். "மணைப்பலகைக்குள்ள மரமாக்கும் இது. மிருதங்கம் கடையற மரம். இதுல ஒக்காந்து எழுதினா தொம் தொம்னு கேக்கும்."

"கேக்கட்டுமே. தாள் திருத்தறச்சே தூக்கம் வராது."

கடைக்காரர் சிரித்துவிட்டார். அத்திம்பேருக்கு அது பிடிக்கவில்லை. "பாரு, மஞ்சக்காமாலை பிடிச்ச மாதிரி இருக்கு. இதை நாலு பேர் பாக்க முன்னறையில போடறதா?"

"நம்மாத்து மணைப்பலகையைப் பாத்திருக்கேளோ இல்லியோ? தாமிரப் பாத்திரம் மாதிரி இருக்கே, யாரு சாயம் பூசினா அதுக்கு? தானா சிவந்தது. இதுவும் சிவக்கும். நான் இருந்து பாக்கறேன்."

அவள் ஆசைப்பட்டது மேசைக்கு மட்டும் இல்லை என்று எனக்கு அப்போது தோன்றியது. தன் கண்ணெதிரே ஒரு பொருள் மெல்ல நிறம் மாறுவதற்கு, அந்த மாற்றத்தில் யாரும் கை வைக்காமல் இருப்பதற்கு.

மேசையை ஆசாரி நன்றாகவே செய்து முடித்தார். மழை தொடங்கிய சமயம், பாலிஷ் மட்டும் பாக்கி. அப்போது பார்த்து அக்காவைப் பயிற்சிக்கென்று திருச்சூருக்கு அனுப்பினார்கள். புறப்படும் முன் பாலிஷ் மேஸ்திரியைக் கூப்பிட்டு, அத்திம்பேரையும் பக்கத்தில் நிறுத்தி வைத்துச் சொன்னாள்: "நிறம் வேண்டாம். வெறும் அரக்குப் பாலிஷ் மட்டும். மழை விட்டப்புறம் போட்டாப் போறும்." இருவரும் தலையாட்டினார்கள். அந்தத் தலையாட்டலை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு ரத்தம் கொதிக்கிறது. கோயில் யானைகூட இன்னும் கொஞ்சம் யோசித்துத்தான் தலையாட்டும்.

மறுநாளே மேஸ்திரி ஒரு துண்டுப் பலகையோடு வந்தார். அதில் பட்டை பட்டையாக நிறங்கள். அத்திம்பேர் அதை ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துச் சாய்த்துப் பார்த்து, செம்பழுப்பு ஒன்றின்மேல் விரலை வைத்தார். "லேசா இது ஒண்ணு. அவளுக்குத் தெரியவே தெரியாது."

"அத்திம்பேர், அக்கா என்ன சொல்லிட்டுப் போனா?"

"அக்கா வரட்டும். நான் சொல்லிக்கறேன்."

"அதோட அந்தத் துண்டு தேக்கு. நம்மளது பலா."

"மரம்னா மரம்தானேடா. நீ மிளகைப் பாரு, போ."

தேக்கில் செம்பழுப்பாக இருந்த சாயம், பலாவின் மஞ்சள்மேல் ஏறியதும் காய்ந்துபோன வெற்றிலை எச்சிலின் நிறமாயிற்று. மேசையின் நடுவில் யாரோ துப்பிவிட்டுப் போன மாதிரி. அத்திம்பேர் அதைத் துணியால் துடைத்துத் துடைத்துப் பார்த்தார். மேஸ்திரி கலங்கவில்லை. "பயப்படண்டா சாமி. கறுப்பிலே எல்லாம் அடங்கும்." இன்னும் கடுஞ்சாயம் ஏறியது. அதன்மேல் அரக்குப் பாலிஷ். வெளியே இடைவிடாத மழை. சுவரிலிருந்தே தண்ணீர் கசியும் காலம். அந்த ஈரத்தில் பாலிஷ் எப்படிக் காயும்? காலையில் பார்த்தால் மேசை முழுக்கக் கண்புரை விழுந்தது போல வெள்ளை பூத்திருந்தது. அதை மறைக்க இன்னும் ஒரு கை. அது திட்டுத் திட்டானது. அதை மறைக்க மற்றொன்று. வீடெல்லாம் ஸ்பிரிட் நெடி. ரசத்தில்கூட அது மணத்தது. நான் ஆபீஸிலிருந்து திரும்பும்போதெல்லாம் மேசை முந்தின நாளைவிடக் கறுத்திருக்கும். நான் கத்துவேன். அத்திம்பேர், "இன்னிக்கோட சரியாப் போயிடும்" என்பார். அந்த மனிதர் பொய் சொல்லவில்லை. ஒவ்வொரு நாளும் அதை நிஜமாகவே நம்பினார். அதை எதிர்த்துத்தான் என்னால் எதுவும் செய்ய முடியவில்லை.

அக்கா நனைந்த குடையோடு வந்து வாசல்படியிலேயே நின்றாள். பெட்டியைக் கீழே வைக்கவில்லை.

"இது யாரோட மேசை?"

"ஈட்டி மாதிரியே இருக்கோல்லியோ?" அத்திம்பேர் குரலில் ஒரு கெஞ்சல். "ஆபீஸ்லகூட இப்படிக் கெடையாது. ஒக்காந்து பாரேன்."

அவள் மேல்பலகையில் விரலை வைத்தாள். ஒட்டிக்கொண்டு வந்தது, ரேகை அப்படியே பதிந்துவிட்டது. பிறகு டிராயரை இழுத்தாள். உள்ளே மஞ்சள். கடையில் அவள் நனைத்துப் பார்த்த அதே மஞ்சள். "உள்ளே ஆரு நோக்கும்" என்று மேஸ்திரி கை வைக்காமல் விட்டிருந்தார். அக்கா அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். அழுவாள் என்று நினைத்தேன். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். அன்று திறந்த டிராயர்தான்.

எனக்கு ஓரிடத்தில் தரிக்காத கால். வேலையை விட்டேன், ஊர்களை விட்டேன், எழுதத் தொடங்கியவற்றைப் பாதியில் விட்டேன். ஆனால் அந்த மேசையை மட்டும் விட முடியவில்லை. வரும்போதெல்லாம் அவளுக்காக நான் கோபப்படுவேன். ஒரு தடவை கேட்டேவிட்டேன்: "உனக்குக் கோபமே வராதா?"

அவள் சிவப்பு மைப் பேனாவை மூடினாள். "கத்தினா போயிடுமா சாயம்? எனக்குக் கோபம் இல்லேன்னு யாருடா சொன்னா? டிராயர் தொறந்து கெடக்கறதே, கண்ணு தெரியலையா?"

இந்த ஓணத்துக்குப் போயிருந்தேன். அத்திம்பேர் ரிட்டையர் ஆகிவிட்டார். உலகத்தின் ருசியும் மாறிவிட்டது. இப்போது எல்லார் வீட்டிலும் வெளிர் நிற மேசை நாற்காலி. கறுப்பு என்றால் பழசாம். முன்னறையில் பத்திரிகை விரித்து, அதே மேஸ்திரி, தலை நரைத்து, மேல்பலகையைக் கண்ணாடிச் சில்லால் சுரண்டிக்கொண்டிருந்தார். அத்திம்பேர் உப்புத்தாளோடு பக்கத்தில். மேல்தோல் போயிற்று. ஆனால் கறுப்பு ரேகைகளுக்குள் இறங்கிவிட்டது. எவ்வளவு தேய்த்தாலும் அடியில் மஞ்சள் இல்லை, அழுக்குதான்.

அப்போதுதான் அத்திம்பேர் கண்ணில் டிராயர் பட்டது. வருஷக்கணக்காக முழங்காலில் மட்டும் பட்டது. குனிந்து உட்கார்ந்தார். ஜன்னல் வெளிச்சம் விழுந்துகொண்டிருந்த அந்த ஒரு சாண், யாரும் தொடாமல் தானாகவே பழுத்து, தேய்த்த தாமிரத்தின் நிறத்துக்கு வந்திருந்தது. உள்ளே வெளிச்சம் எட்டாத பகுதி இன்னும் வெளிர் மஞ்சள். இரண்டுக்கும் நடுவே நிழலின் விளிம்பு விழுந்த இடம் கோடாகத் தெரிந்தது.

"அடடா!" என்றார். "டேய், இங்க வந்து பாரு. இதான்டா! இந்தக் கலரைத்தான் நான் இத்தனை நாளாத் தேடிண்டிருந்தேன். மேஸ்திரி, அப்படியே இதே கலரைக் கலக்கி மேல போடுங்கோ."

"அத்திம்பேர்," என்றேன், "அது போட்ட கலர் இல்லை. போடாத கலர்."

"எதானா என்னடா? கிட்டினாப் போறாதோ?"

"மூணு கை அடிச்சா கிட்டும் சாமி" என்றார் மேஸ்திரி.

அக்கா சமையலறையிலிருந்து வந்தாள். ஈரக் கையைத் துடைத்துக்கொள்ளாமல் கட்டைவிரலால் அந்தத் தாமிரத்தின்மேல் ஒரு இழுப்பு இழுத்தாள். அது ஒரு கணம் எரிந்தது. அதைப் பார்த்தாள். பிறகு டிராயரை உள்ளே தள்ளினாள். மூடி எத்தனை மழைக்காலம் ஆயிற்றோ, மரம் உப்பி முரண்டு பிடித்தது. இடுப்பைக் கொடுத்துத் தள்ளினாள். முனகிக்கொண்டே போய் அடைத்துக்கொண்டது. வெளியே தெரிந்தது கறுப்பு முகப்பு மட்டும்.

"இனிமே முழங்கால் இடிக்காது" என்றாள் அக்கா. "இப்போ எதைப் பாத்துக் கலர் அடிக்கறேளோ, அடிங்கோ."