ஆறாவது விரல்

2024 ஆகஸ்ட் 4, ஞாயிற்றுக்கிழமை, காலை 10.20. தூறல். ஸ்வெட்டர் போடாமல் வந்த என்னை நானே திட்டிக்கொண்டிருந்தேன். மூக்கண்டப்பள்ளி டீக்கடையில் நாங்கள் மூவர்: கெலமங்கலத்தில் தக்காளி போடும் விவசாயி, குருபரப்பள்ளியில் பஞ்சர் கடை வைத்திருப்பவர், தொழிற்சாலையில் முப்பத்தொரு வருடம் தரப் பரிசோதகராக இருந்து ஓய்வுபெற்ற நான்.

மாதந்தோறும் புதுக் காமிக்ஸ் பார்சல் என் வீட்டுக்கு வரும். நான் முதலில் பார்த்து, படமும் எழுத்தும் எப்படி என்று விமர்சனம் சொல்வேன். பிறகு அவர்கள் தங்கள் பிரதியை வாங்கிக்கொள்வார்கள். கதையின் முடிவை மட்டும் சொல்லக் கூடாது. அந்த நிபந்தனையில்தான் எனக்கு இந்தப் பதவியே.

அன்று மூன்று பாகக் கொலைக்கதையின் கடைசிப் பாகம்.

தொழிற்சாலைப் பழக்கம் என்னை விடவில்லை. உதிரிபாகத்தை முதலில் கண்ணால் பார்ப்போம், வரைபடம் அப்புறம்தான். காமிக்ஸிலும் முதல் சுற்றில் படம் மட்டும், வசனம் இரண்டாவது சுற்றில். முந்தின நாள் கரண்ட் போனதால் இரண்டாவது சுற்று நடக்கவில்லை.

“எழுத்தைப் பத்தி அப்புறம் சொல்றேன். படம் ரிஜெக்ட்,” என்றேன். “பதினாலாம் பக்கத்துல ஜன்னல்ல கொலைகாரன் கை தெரியுது. ஆறு விரல்! போகட்டும்னு விட்டேன். கடைசிப் பக்கத்துல டாக்டர் பாக்கெட்டுல இருந்து கையை எடுக்கிறார், அதுலயும் ஆறு. ஒரே தப்பை ரெண்டு தடவை பண்ணலாமா?”

விவசாயி டீ கிளாஸைக் கீழே வைத்தார்.

“டாக்டரா சார்?”

“ஆமா, இடது கை.”

“அய்யோ! சமையக்காரன்தான்னு ரெண்டு மாசமா தூக்கம் கெட்டுக் கெடக்கறேன். நீங்க பாட்டுக்கு டாக்டர்ங்கறீங்க!”

பஞ்சர் கடைக்காரருக்குச் சிரிப்பில் புரை ஏறியது. “வெரல எண்ணத் தெரியுது, ஆளப் புடிக்கத் தெரியல. என்னா இன்ஸ்பெக்டர் சார் நீங்க?”

அப்போதுதான் எனக்கு உறைத்தது. பையிலிருந்த முதல் இரண்டு பாகங்களைப் புரட்டினேன். டாக்டர் வரும் கட்டங்களில் எல்லாம் இடது கை கோட்டுப் பைக்குள். என்ன கம்பீரமாக நிற்கிறார் என்று போன மாதம் நானே பாராட்டியிருந்தேன்.

“படத்துக்கு நூத்துக்கு நூறு,” என்றேன் மெதுவாக.

“மார்க்க நீங்களே வெச்சிக்குங்க,” என்றார் விவசாயி. “இனிமே பார்சல் எங்க வீட்டுக்கு வரட்டும். நான் படிச்சி முடிச்சப்பறம் நீங்க வாயத் தொறங்க. முடிவு தெரிஞ்ச புக்குக்கு நான் காசு தர மாட்டேன்.”

“நானும்தான்,” என்றார் மற்றவர்.

புத்தகத்தை மட்டும் இருவரும் விடவில்லை. நனையாமலிருக்க விவசாயி தன் பிரதியைச் சட்டைக்குள் செருகிக்கொண்டார்.

அவர்களுடைய இரண்டு பிரதிக்கு 360, மூன்று டீக்கு 45, சமாதானத்துக்கு ஆறு போண்டா 60. மொத்தம் 465 ரூபாய்.