மூன்று விரல் தடம்

விஜயநகர் தாண்டிய ஒரு லேஅவுட்டில் குழாய் வேலை பார்க்கும் மாணிக்கவாசகம், ஞாயிறு தவறாமல் பக்கத்து ஏரியில் இறங்கி ஆகாயத்தாமரைக் களையை அள்ளுவார். அந்த ஏரிக்காகத் தெருவையே பகைத்துக்கொண்ட மனுஷன். கரையில் குப்பை கொட்டுகிறவன் எவனானாலும் சட்டையைப் பிடித்துவிடுவார்.

அன்று ஏரி முழுக்க மீன்கள் செத்து மிதந்தன. அவரோடு சேர்ந்து களை அள்ளும் டீச்சர் சொர்ணலதாவுக்கு அழுகை அடங்கவில்லை. கழிவு எங்கிருந்து வருகிறதென்று பார்க்க, இருவரும் மழைநீர் வாய்க்காலோடு மேலே நடந்தார்கள். ஒரு தெருமுனையில், நாற்பது வீட்டுக் கக்கூஸ் தண்ணீரை வாய்க்காலுக்குள் கொட்டிக்கொண்டிருந்தது ஒரு பழைய குழாய்.

மாணிக்கவாசகம் குனிந்தார். குழாயைச் சுற்றிய சிமெண்ட் பூச்சில் திருநீற்றுப் பட்டை போல மூன்று கோடுகள். வேலை முடிந்ததும் ஈர சிமெண்டில் விரலால் அப்படி இழுத்துவிடுவது அவருடைய வழக்கம்.

இருபது வருடத்துக்கு முன், தமிழ்க் கிராமமான மார்டள்ளியிலிருந்து இந்தக் கன்னட நகரத்துக்கு வந்த புதிதில், "ஒளசரண்டிகெ கொடு" என்றார் வேலை கொடுத்த இன்ஜினியர். பாதாளச் சாக்கடையில் இணைத்துவிடு என்று அர்த்தம். இவருடைய அரைகுறைக் கன்னடத்தில் 'ஒள' என்றால் உள்ளே, 'சரண்டி' என்றால் வாய்க்கால். மழைநீர் வாய்க்காலுக்கு உள்ளேயே இந்தக் குழாயை விட்டுவிட்டார்.

"இதப் போட்டவன் கை வெளங்குமாண்ணா?" என்று பொருமினார் சொர்ணலதா.

மாணிக்கவாசகம் தன் மூன்று விரல்களை அந்தக் கோடுகளில் வைத்துப் பார்த்தார். அச்சாகப் பொருந்தின.

"வெளங்கலீங்க, டீச்சர்" என்றார்.