ஹார்லோவின் இரண்டாம் தாள்

கோபிகிருஷ்ணன் கையைச் சோப்புப் போட்டுக் கழுவுகிறார். துண்டில் துடைப்பதில்லை; நூல் ஒட்டும். இரண்டு கைகளையும் தூக்கிப் பிடித்து, ஆசி வழங்குகிறவர் மாதிரி மின்விசிறிக்கு அடியில் நிற்கிறார். நன்றாக உலர்ந்த பிறகுதான், போட்டோத்தாள் வருகிற கறுப்பு உறையிலிருந்து ஒரு கடிதத்தை உருவி எடுப்பார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு எழுத்தருகே மூக்கைக் கொண்டுபோவார். "துணியில செஞ்ச தாளு. மோந்து பாருங்க, பழைய தலகாணி வாசம் அடிக்கும்."

ரங்கூனில் தின்கன்ஜூன் பேருந்து நிறுத்தத்துக்கு எதிரே அவருடைய போட்டோ ஸ்டூடியோ. இப்போது பாஸ்போர்ட் படம்தான் ஓடுகிறது. தெருவின் பாதி இளைஞர்கள் அவர் முன்னால் உட்கார்ந்து எழுந்துதான் நாட்டைவிட்டுப் போயிருக்கிறார்கள். கூட்டம் ஓய்ந்த மதியங்களில் அவரும் அமெரிக்காவுக்குப் போய்விடுவார். இருநூறு ஆண்டுக்கு முந்தைய அமெரிக்காவுக்கு. அந்த நாடு பிறந்த புதிதில் சட்டசபைகளில் உட்கார்ந்தவர்கள் கைப்பட எழுதிய கடிதங்களைச் சேர்க்கிறார் அவர்.

இந்த ஊரில் அதெல்லாம் எங்கே கிடைக்கும்? கப்பலேறி வந்த அமெரிக்கப் பாதிரிமாரின் புத்தகங்கள் கைமாறிக் கைமாறிப் பன்சோடான் தெரு நடைபாதைப் புத்தகக் கடைகளுக்கு வந்து சேரும். எப்போதாவது ஒன்றின் நடுவே ஒரு தாள் இருக்கும். "பெரிய ஆளுங்க கடுதாசியெல்லாம் கண்ணாடிப் பெட்டியில இருக்கும். நமக்கு வர்றது மூணாவது பெஞ்சு ஆளுங்கதான்" என்பார். ஒரு கடிதத்துக்காகத் தன் நல்ல காமிராவையே கொடுத்துவிட்டார். மனைவி பூர்ணா, இறந்துபோன உறவினரைப் பற்றிப் பேசுவது போல இன்றும் அந்தக் காமிராவைப் பற்றிப் பேசுவாள்.

அவருக்கு உயிர், ஹார்லோ என்ற செனட்டர் எழுதிய கடிதம். அமெரிக்கர்களே மறந்துபோன பெயர். அதில் இரண்டாம் தாள் மட்டுமே அவரிடம் இருந்தது. பாதி வாக்கியத்தில் தொடங்கும்: "…ஆகையால் கதவை இரவும் பகலும் திறந்தே வைத்திருக்கிறேன். நீர் எப்போது வந்தாலும் தட்ட வேண்டியதில்லை."

யாருக்காகத் திறந்து வைத்த கதவு? கரண்ட் போன மழைக்கால மாலைகளில் கையில் இல்லாத அந்த முதல் தாளைப் பூர்ணாவுக்கு அவரே இட்டுக்கட்டிச் சொல்லுவார். ஒருநாள் போருக்குப் போன மகன். இன்னொருநாள் கோபித்துக்கொண்டு போன தம்பி. பூர்ணா கன்னத்தில் பூசிய தனாக்கா மரப்பட்டைச் சாந்து காயக் காயக் கேட்டுக்கொண்டே தூங்கிவிடுவாள். அவர் மட்டும் பனி கொட்டும் ஏதோ ஓர் ஊரில், மஞ்சள் வெளிச்சம் வழியும் ஒரு வாசலில் நின்றுகொண்டிருப்பார்.

இந்த வருடம் தாளைப் படமெடுத்து, இத்தகைய கடிதம் சேர்ப்பவர்களின் இணையக் குழுவில் போட்டார். அமெரிக்காவில் ஒரு விதவை அம்மாள் பதில் எழுதினார். முதல் தாள் அவரிடம் இருக்கிறதாம், படமும் அனுப்பியிருந்தார். கோபி அதைத் திறக்கவில்லை. கைபேசியைக் கவிழ்த்து வைத்துவிட்டு நடமாடினார்.

மகள் ஆஷா ஜப்பானில் முதியோர் இல்ல வேலைக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்தாள். அப்பா என்பதற்குப் பர்மியச் சொல்தான் அவளுக்கு வாயில் வரும். "பேபே, நான் போறதுக்குள்ள பாத்துடுவோமே" என்று அவளே படத்தைத் திறந்தாள்.

வைக்கோல் விலை. குதிரைக்குக் கால் வீக்கம். பிறகு கடைசி வரிகள்: "மழை விட்டபாடில்லை. வாசற்கதவு ஊறிப் பருத்துவிட்டது. மூடினால் திறப்பதற்கு நான்கு ஆள் வேண்டும். தச்சனோ குடித்துவிட்டுக் கிடக்கிறான்…"

"நம்ம பாத்ரூம் கதவு!" என்றாள் பூர்ணா. ஆஷா வாயைப் பொத்திக்கொண்டாள். கோபி படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தோள் குலுங்க ஆரம்பித்தது. கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார். "பாவி மனுசன், இத்தன வருசமா என்னப் பனியில நிக்க வச்சிட்டானே!"

அன்று மாலை அந்தக் கடிதத்தை வைக்கோலில் தொடங்கி முழுதாக வாசித்தார். பூர்ணா முதல்முறையாகத் தூங்காமல் கேட்டாள்.

இரண்டு தாளும் ஓரிடத்தில் இருக்கட்டும், நீங்கள் அனுப்புங்கள் அல்லது நான் அனுப்புகிறேன் என்று அந்த அம்மாள் எழுதியிருந்தார். "அந்தம்மாவையே அனுப்பச் சொல்லுங்க" என்றாள் பூர்ணா. கோபி சுவரைப் பார்த்தார். ஈரம் படர்ந்து மேலேறியிருந்தது. போன மழையில் கரையான் தின்ற படச்சட்டத்தின் தடம் அங்கேயே இருந்தது.

"இங்க வந்தா ரெண்டும் போயிடும். அங்க போனா ஒண்ணாக் கெடக்கும். ஆஷா ஜப்பான்லேர்ந்து போட்டுடட்டும்."

"எனக்குச் சங்கடமா இருக்கு பேபே. நானும் போறேன், இதுவும் போகணுமா?"

அவர் அவளுடைய பெட்டியில் துணிகளை ஒதுக்கி, ஓர் உறை தட்டையாகப் படுக்கும் அளவுக்கு இடம் செய்தார்.

மிங்கலாடோன் விமான நிலையத்துக்குப் போக வந்த டாக்சி வாசலில் ஹாரன் அடித்தது. பூர்ணா சாப்பாட்டுப் பொட்டலத்தை மகள் கையில் திணித்துக்கொண்டிருந்தாள். கோபிகிருஷ்ணன் தாளைக் கடைசியாக எடுத்தார். பழைய மடிப்பிலேயே மடிக்கப் போனவர் நிறுத்தி, குனிந்து, ஹார்லோவின் கையெழுத்தின் மேல் மெதுவாக ஊதினார், மை இன்னும் காயவில்லை என்பது போல.